கோட்டை உச்சியிலிருந்து கண்ட சாலை

சென்ற மார்கழியில் செஞ்சிக்குப் போயிருந்தேன். ராஜகிரியின் உச்சிக்கு ஏற வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. சுமார் எண்ணூறு அடி ஏறி முடித்ததும் ஆசை தீர்ந்ததோ இல்லையோ, முழங்கால்கள் இரண்டும் தீர்ந்துவிட்டன. 1690-ம் ஆண்டு தொடங்கி எட்டு வருஷ காலம் மொகலாய சைன்யம் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் தவித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

உடன் வந்தவன் என் தமக்கையின் மகன், மோட்டார் எஞ்சினியர். இருவரும் மேலே ஒரு சுவரோரமாக உட்கார்ந்து கீழே நோக்கினோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை, கோட்டை மதிலை ஊடுருவிக்கொண்டு, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிறது. சற்றுத் தூரத்தில், பாறைக் குவியலை ஒட்டிச் சாலை வளையும் இடத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பழுதாகி நின்றது. வளைவுக்கு இப்பால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள். எதிர்ப்புறமிருந்து ஒரு லாரி.

நால்வரையும் நாங்கள் கண்டோம். அந்த நால்வரில் ஒருவரை ஒருவர் கண்டாரில்லை. நான் எழுந்து நின்று, "ஐயோ, நிறுத்தப்பா!" என்று கத்தியேவிட்டேன். யார் காதில் விழும்? மோட்டார் சைக்கிள் சாலையை விட்டு இறங்கிச் செம்மண்ணில் சறுக்கி நின்றது. நல்ல வேளை, பையன் எழுந்துவிட்டான். லாரியின் ஹாரன் சத்தம் அதற்கப்புறந்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு மூன்று விநாடி வேண்டுமல்லவா?

"மாமா, வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தெரிந்திருந்தால் இது நடந்திராது" என்றான் மருமான்.

அவன் சொன்ன விஷயம் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், திசை, பிரேக் போட்டிருக்கிறதா என்பனவற்றை விநாடிக்குப் பத்துத் தடவை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகுமாம். சுமார் முந்நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற வண்டிகள் அதைக் கேட்டு, ஆபத்து நெருங்கினால் ஓட்டுகிறவரை எச்சரிக்குமாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு, முந்நூறு மீட்டர் என்பது ஏழரை விநாடி அவகாசம். காமிராவுக்கு எதிரே உள்ளதுதான் தெரியும். இதுவோ முன்னே போகும் பஸ்ஸுக்கு அப்பாலும் கேட்கும். பெரும் பாறை குறுக்கிட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறும் என்பதையும் அவன் மறைக்கவில்லை.

"பின் ஏன் இன்னும் எல்லா வண்டிக்கும் வரவில்லை?"

"ஊரில் ஒரே ஒரு வீட்டில் டெலிபோன் இருந்தால் யாருடன் பேசுவது, மாமா?"

அமெரிக்காவில் 1999-ம் ஆண்டிலேயே இதற்கென்று 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினார்கள். ஆனால் வண்டிகள் பேசத் தொடங்கவில்லை. காத்திருந்து அலுத்து, 2020-ல் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திருப்பிவிட்டார்கள். ஜப்பானில் டொயோட்டா 2015-லும், ஐரோப்பாவில் வோக்ஸ்வாகன் 2019-லும் சில கார்களில் இவ்வசதியை வைத்து விற்கத் தொடங்கின.

எனக்கு ஒரு சந்தேகம். 2022-ம் ஆண்டில் நமது தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பெரிய கார்கள் தங்களுக்குள் சம்பாஷித்துக்கொள்ளட்டும், சந்தோஷம். மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்? பழைய டிராக்டர்? தெருவைக் கடக்கும் பாட்டி? இவர்களெல்லாம் ஊமைகளாகவே இருந்தால் அந்தச் சம்பாஷணையால் யாருக்கு லாபம்? மலிவான சிறு கருவியாக முதலில் இவர்களுக்கல்லவா கொடுக்கவேண்டும்? மருமான் இதற்கு வாய் திறக்கவில்லை.

இறங்கி வர ஒரு மணி நேரமாயிற்று. திருவண்ணாமலைக்குக் காரைத் திருப்பினோம். டிராக்டர் அங்கேயே நின்றது. டிரைவர் ஒரு கருவேலங்கிளையை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் சாலையில் போட்டிருந்தார். மருமான் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினான், கிளையைத் தூக்கினான்.

"அதை ஏன் சார் எடுக்கிறீர்கள்?" என்று டிரைவர் பதறினார்.

"இங்கே இருந்தால் வருகிறவனுக்குத் தெரியாதே, ஐயா!" என்று சொல்லிவிட்டு, முள் குத்தக் குத்த அதை இழுத்துக்கொண்டு, வளைவுக்கு அப்புறம் நூறடி நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தான்.