இடது பக்கத்துக் கவர்

"கிளட்ச் பிளேட் போயிடுச்சுண்ணே, மாத்திக் குடுங்க" என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சிலர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பிளேட் செட்டையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு முதலில் ஒன்றைக் கேட்பேன்: "வண்டியில இதுவரைக்கும் என்னென்ன மாத்தியிருக்கீங்க?" கேட்டவுடன் முகம் கொஞ்சம் மாறும். கிளட்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. பிரித்து மாற்றிக் கட்டிய வண்டியில் யார் எங்கே கை வைத்திருந்தாலும், அதற்கான வட்டியைக் கட்டுவது கிளட்சும் பிரைமரி செயினும்தான். போரைப் பெரிதாக்கினால் கூடுதல் இழுவை முதலில் வந்து விழுவது கிளட்சில். சக்கரத்தை மாற்றினால் அதன் உதைப்பு திரும்பி வருவதும் அங்கேதான். பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வண்டி போகும். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வரும்.

என் கைக்கு அதிகம் வருவது காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்த வண்டி. 1956 முதல் திருவொற்றியூரில் செய்து வந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனி. ஆனால் மற்றப் பழைய இங்கிலீஷ் வண்டிகளைப் போலக் கியர்பாக்ஸை முன்னே பின்னே தள்ளிச் செயினை இறுக்க இதில் வழியில்லை. கிராங்க்கேஸின் முதுகிலேயே அதைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுவதுதான் பிரைமரி செயின்: 3/8 அங்குல இரட்டை வரிசை. இன்ஜின் பக்கம் 25 பல், கிளட்ச் பக்கம் 56 பல். செயின் தளர்ந்தால் கீழிருந்து ஒரு வளைந்த பட்டையைத் திருகி மேலே ஏற்றுவது ஒன்றுதான் வழி. செயினும் கிளட்சும் இருக்கும் இதே கூட்டுக்குள், இதே ஆயிலில், ஆல்டர்னேட்டரும் சுற்றுகிறது. மூன்று வேலைகள் ஒரே டப்பாவுக்குள் நடப்பதால், ஒன்றில் வந்த சத்தத்தை இன்னொன்றின் சத்தம் என்று நினைத்துப் பணத்தைச் செலவழிப்பவர்கள் ஏராளம்.

சமீபத்தில் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். 350 சேஸிஸில் 500 இன்ஜின். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 90 மில்லிமீட்டர். போர்தான் 70க்கு 84. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. அதனால் பிரைமரி சாமான்களை இதிலிருந்து அதற்கு என்று கண்டபடி மாட்டிவிடுவார்கள். இந்த வண்டியிலும் 350 வண்டியின் பழைய கிளட்ச் அப்படியே இருந்தது. முன்பக்கம் நீளம், தோளுக்கு மேலே போகும் ஹேண்டில்பார், பின்னால் அகலமான டயர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. புகார் மட்டும் விசித்திரமானது: மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் ரைஸ் ஆகிறது, வண்டி இழுக்கவில்லை. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவில்லை, கிளட்சைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது.

ஒரே கிளட்ச் வழுக்கவும் செய்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது. எதிரெதிரான இரண்டு நோய்கள் ஒரே வண்டியில் இருந்தால், ஒன்றுக்குச் செய்த வைத்தியம்தான் மற்றதாக ஆகியிருக்கும் என்று சந்தேகப்படுவது என் வழக்கம்.

கவரைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை உண்டு. புல்லட்டில் கிக்கரின் உதை கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. ஆகவே நியூட்ரலில் வைத்து மெதுவாகக் கிக்கரை மிதித்தாலே கிளட்சின் யோக்கியதை தெரிந்துவிடும். கம்ப்ரெஷன் வந்து காலை நிறுத்த வேண்டிய இடத்தில், இன்ஜின் சுற்றாமல் கிக்கர் மட்டும் வழவழவென்று கீழே போனால் பிளேட் வழுக்குகிறது. இந்த வண்டியில் அப்படித்தான் போனது. அடுத்தது லீவர். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது ஏதோ கொஞ்சம் இருந்தது. வலது பக்கம் முழுசாக ஒடித்ததும் அதுவும் போய்விட்டது. உயரமான ஹேண்டில்பாருக்கு நீளக் கேபிள் போட்டிருந்தார்கள். ஆனால் டேங்குக்கு அடியில் அதை இழுத்துக் கட்டிய டை ஒன்று, வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் கேபிளைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. யூ-டர்ன் எடுத்துக் கிளம்பும்போது வண்டி திணறுமா என்று கேட்டேன். "அது கார்புரேட்டர் பிரச்சினைன்னு சொன்னாங்கண்ணே" என்றார் வண்டிக்காரத் தம்பி.

இடது பக்கக் கால்வைப்பையும் பிரேக் பெடலையும் கழற்றினால் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதைத் தளர்த்திக் கீழே தட்டை வைத்துவிட்டுக் கவரை இழுக்க வேண்டும். ஆயில் வருவதைக் கவனித்துப் பார்க்கிறவன் பாதி வேலையை முடித்துவிட்டான் என்பேன். இந்தக் கூட்டுக்குச் சுமார் 400 மில்லி போதும். நாம் ஊற்றியதைவிட அதிகமாக வந்தால் கிராங்க் பக்கத்து சீல் வழியாக இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. குறைவாக வந்தால் கவரைச் சுற்றியுள்ள ரப்பரையோ நடு நட்டின் வாஷரையோ பார்க்க வேண்டும். இதில் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆயில்தான் தப்பு. செலவைப் பார்த்து யாரோ கார் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். காருக்கான ஆயில்களில் உராய்வைக் குறைக்க மருந்து கலப்பது உண்டு. காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே தனியாக இருப்பதால் அது நல்லது. ஆயிலில் நனைந்தபடி ஒன்றையொன்று பிடிக்க வேண்டிய பிளேட்டுகளுக்கு அது விஷம். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கதை முழுசாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் ஒரு வாஷர். ஆயிலால் வழுக்கிய கிளட்சை இறுக்கிப் பிடிக்க வைக்க யாரோ செய்த வைத்தியம். ஸ்பிரிங் இறுகியதும் லீவர் கல்லாகிவிட்டது. அந்த நீளக் கேபிள், அத்தனை வளைவுகள். கையில் பிடிக்கும் இழுப்பில் பாதி கேபிளின் உறையை நசுக்குவதிலேயே போகிறது, பிளேட் போதுமான அளவு விலகவில்லை. சிக்னலில் நியூட்ரல் விழாதது இதனால்தான். அதைச் சரிசெய்ய அடுத்தவர் கியர்பாக்ஸ் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகி, இருந்த இடைவெளியை எல்லாம் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பிளேட்டை விலக்கும் புஷ் ராடு எப்போதும் அழுத்திக்கொண்டே சுற்றுகிறது. லீவரைத் தொடாமலே கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடியும் வழுக்கல். ராடை உருவிப் பார்த்தேன். நுனி நீலம் பாய்ந்து, சூட்டில் குணம் போய், ஓரம் குடையாக விரிந்திருந்தது. ராடு தேயத் தேய அட்ஜஸ்டரைத் திருகுவார்கள், திருகத் திருக ராடு தேயும்.

ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அடியில் பீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். இரண்டு கோணலாகியிருந்தன. ஃபைபர் பிளேட்டுகள் கண்ணாடியாக மின்னின. சிலர் இவற்றை எமரி தாளில் தேய்த்துப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவார்கள். லேசாக ஆயில் பட்டதற்கு அது பரவாயில்லை; வெந்துபோன பிளேட்டுக்கு அது நேர விரயம்.

கிளட்ச் டிரம்மில்தான் நான் அதிகம் நின்றேன். பிளேட்டின் காதுகள் உட்காரும் பள்ளங்களின் சுவரில் ஒவ்வொரு காதும் தன் இடத்தைக் குழியாக இடித்து வைத்திருந்தது. விலக வேண்டிய நேரத்தில் பிளேட் அந்தக் குழியில் மாட்டிக்கொள்ளும். எல்லா டிரம்மிலும் காலப்போக்கில் இது வரும்தான். ஆனால் அந்தத் தம்பி சொன்ன ஓட்டத்துக்கு இவ்வளவு ஆழம் வரக்கூடாது. எழுந்து போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். புல்லட்டின் பின் ஹப்புக்குள் ரப்பர் கட்டைகள் இருக்கும். அந்த ஒற்றை சிலிண்டர் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் வரும் உதறலை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. அகல டயருக்காக இதில் வேறொரு ஹப்பைப் போட்டு, ஸ்ப்ராக்கெட்டை அதன் மேல் நேராகப் போல்ட் போட்டிருந்தார்கள். ரப்பரே கிடையாது. ரோட்டின் ஒவ்வொரு குழியும் ஆக்ஸிலரேட்டரின் ஒவ்வொரு திருப்பும் செயின் வழியாக வந்து டிரம்மின் சுவரில் சுத்தியலாக விழுந்திருக்கிறது.

ஆல்டர்னேட்டரின் ரோட்டர் இதற்குச் சாட்சி. அது நிலைக்காந்தம். ஆயிலில் மிதக்கும் இரும்புத் தூள் எல்லாம் அதில் போய் ஒட்டும். நல்ல வண்டியில் விரலால் வழித்தால் கரும்பசை கொஞ்சம் வரும். இதில் தாடி வளர்ந்திருந்தது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பொடிக்கு நடுவே மினுமினுக்கும் சிறு செதில்கள். செதில் இருந்தால் ஏதோ ஒன்று இடிபடுகிறது என்று அர்த்தம். பொடி மட்டும் என்றால் சாதாரணத் தேய்மானம்.

பிரைமரி செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. முதலில் ஸ்டேட்டர், பிறகு ரோட்டர். அப்புறம் இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்சும் செயினோடு சேர்ந்துதான் வெளியே வர வேண்டும். ஸ்ப்ராக்கெட்டுக்குப் புல்லர் கட்டாயம். சுத்தியலும் உளியும் எடுப்பவரைப் பட்டறைக்குள் விடமாட்டேன். கிராங்கின் நுனிக்கு விழும் ஒவ்வொரு அடியும் உள்ளேயிருக்கும் பேரிங்குக்கும் சேர்த்துத்தான். செயின் நீண்டிருந்தது, கீழிருந்து தாங்கும் பட்டையில் இரண்டு தண்டவாளம் விழுந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். புதிதாகப் போட்டதும் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்து ஆட்டத்தை வைக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. இன்ஜினைச் சுற்றிச் சுற்றி எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே ஆறு மில்லிமீட்டர் விடுவேன். தளர்ந்த செயின் கத்தும், அது யாருக்கும் கேட்கும். அதிகம் இறுக்கிய செயின் சத்தமில்லாமல் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். சத்தத்துக்குப் பயந்து இறுக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் எட்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு) இடைவெளி வேண்டும். ஸ்டீல் பீலர் கேஜைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். அளவு பார்த்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டைத்தான் சுற்றி விட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம் உரசினால் வரும் கிரீச்சைக் கேட்டுவிட்டுக் கிளட்ச் பேரிங் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு.

500க்கான ஸ்பிரிங்கும் பிளேட்டும், புது ராடு, சரியான ஆயில். வாஷர்களை எடுத்துக் குப்பையில் போட்டேன். கேபிளுக்கு டேங்கின் மேலே பெரிய வளைவாக வேறு வழி விட்டு, இரண்டு பக்கமும் ஹேண்டிலை ஒடித்தாலும் வெற்று ஆட்டம் மாறாதபடி கட்டினேன். மறுநாள் காலை கிக்கர் காலை நிறுத்தியது. லீவரை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது.

வண்டியை எடுக்க வந்தபோது அந்தத் தம்பி கைபேசியில் ஒரு படம் காட்டினார். பிரைமரியில் செயினுக்குப் பதில் அகலமான பெல்ட், கவர் இல்லாமல் திறந்தபடி. போட்டுத் தர முடியுமா என்றார். முடியும். ஆனால் இதில் கியர்பாக்ஸ் நகராது. பெல்ட்டின் நீளமும் புல்லியின் அளவும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். அலுமினியம் சூடாகி விரியும்போது பெல்ட் இறுகும், அதற்கும் குளிரில் இடம் விட்டிருக்க வேண்டும். கிளட்ச் காய்ந்து ஓட வேண்டும், ஆனால் கியர்பாக்ஸிலிருந்து புஷ் ராடு வழியாக ஒரு சொட்டு கசிந்தாலும் போச்சு. போதாததற்கு, வேட்டியோடு வண்டி ஓட்டும் வழக்கம் வேறு அவருக்கு. திறந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டியா என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

பெல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ரப்பர் உள்ள ஹப்பை வாங்கி ஸ்போக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். டிரம்மை மட்டும் நான் மாற்றவில்லை. குழிகளின் ஓரத்தை அரத்தால் லேசாகச் சமன்செய்து பழையதையே போட்டிருக்கிறேன். சிக்னலில் அவ்வப்போது கொஞ்சம் மாட்டும், பொறுத்துக்கொள்ளட்டும். சக்கரம் மாறிய பிறகு புது டிரம் போடலாம். இப்போது போட்டால் அதையும் இந்தச் சக்கரம் இடித்துத் தீர்த்துவிடும்.