அன்டார்டிகாவின் மூணு மாச சுகர்

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து வரும் என் நோயாளிகள் பலர் 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் பார்த்தவர்கள். மழைக்காலம் நெருங்கினால் பேச்சு தானாக அங்கே போகும். அதில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் அடிக்கடி கேட்பது இது: "பூமி எப்பவுமே மாறிக்கிட்டேதானே தம்பி இருக்கு? பனியுகம் வந்து போகலையா? அப்போ எந்தக் கார் புகை விட்டுச்சு?"

நியாயமான கேள்விதான். அவர் கையிலிருந்த லேப் ரிப்போர்ட்டை வைத்தே பதில் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கல்யாண விருந்து சாப்பிட்டால் சுகர் ஏறும். டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினால் இறங்கும். எச்பிஏ1சி டெஸ்ட்டில் இந்த வேலையெல்லாம் நடக்காது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதான் மூணு மாச சராசரி.

துருவப் பனியும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது. விழுந்த பனி உருகாமல் வருஷா வருஷம் அடுக்கடுக்காகச் சேரும். மேலே எடை கூடக் கூட கீழே இறுகும். சில பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனதும் துளைகள் மூடி, இடையில் இருந்த காற்று குமிழாக மாட்டிக்கொள்ளும். அதில் இருப்பது சாட்சாத் அந்தக் காலத்துக் காற்றேதான்.

அன்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 3 கிலோமீட்டருக்கு மேல் துளைத்து, உருளை உருளையாகப் பனியை வெளியே எடுத்தார்கள். (எங்க பாஷையில் பயாப்சி. ஊசிதான் கொஞ்சம் நீளம்.) கிடைத்தது 8 லட்சம் வருஷத்துக் காற்று. நம்ம நாட்டிலும் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில், மைனஸ் 20 டிகிரி அறையில் அன்டார்டிகா பனியை வைத்து ஆராய்கிறார்கள். மே மாச தாம்பரத்திலிருந்து யாராவது கூட்டிட்டுப் போனால் நான் ரெடி.

இப்போ ரிசல்ட். அந்த 8 லட்சம் வருஷத்தில் கார்பன் டை ஆக்சைடு, காற்றின் 10 லட்சம் மூலக்கூறுக்கு சுமார் 180லிருந்து 300 வரைதான் ஏறி இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட்டில் "நார்மல் ரேஞ்ச்" என்று போடுவோமே, அது மாதிரி. இன்று 420ஐத் தாண்டியாச்சு.

ரயில்வேக்காரர் சொன்னதில் பாதி சரி. மாறியது உண்மை. ஆனால் கடைசிப் பனியுகம் முடியும்போது சுமார் 80 ஏறுவதற்குப் பல ஆயிரம் வருஷம் பிடித்தது. 1958ல் ஹவாயில் நேரடியாக அளக்க ஆரம்பித்த பிறகு மட்டும் 100க்கு மேல் ஏறிவிட்டது. அவர் ஆயுசுக்குள்ளேயே.

எச்பிஏ1சிக்கு ஒரு குறை உண்டு. போன வாரம் ஒரு ராத்திரி சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டியதை அது காட்டாது. டோம் சி பனியும் அப்படித்தான், நூற்றாண்டுக் கணக்கில் சராசரி போட்டுத்தான் சொல்லும். ஆனால் ஏறின கார்பன் நூறு வருஷத்தில் இறங்கிவிடுகிற சரக்கு இல்லை. இந்த அளவு ஏற்றம் முன்பு நடந்திருந்தால் சுவடே இல்லாமல் போயிருக்க வாய்ப்பு குறைவு.

அப்போ 2015 வெள்ளத்துக்கு இதுதான் காரணமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளே புவி வெப்பமாதலின் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். ஏரிக்கும் அடையாற்றுக்கும் வழி விடாமல் கட்டினது நம்ம கணக்கு. அதே சமயம், காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்பது இயற்பியல். காலில் புண்ணோடு வருபவருக்குச் செருப்பையும் மாத்தச் சொல்றோம், சுகரையும் பாக்குறோம் இல்லையா?

அதனால் அக்டோபர் பிறந்ததும் அடையாற்றங்கரைக்காரர்களுக்கு நான் சீட்டில் கூடுதலாக எழுதுவது: ஒரு மாச மருந்து கையிருப்பு. இன்சுலின் மாடி வீட்டு ஃப்ரிட்ஜில். கரண்ட் போனால் ஈர மணலில் வைத்த மண்பானை, மருந்து நனையாமல் டப்பாவில். பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், பரண் மேல்.