தூங்குமூஞ்சி இல்லை நீ

அன்புள்ள தம்பி,

டாக்டர் எழுதிக்கொடுத்த ‘நார்கோலெப்சி’ என்ற நோய்ப்பெயரை அம்மா போனில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “படிக்கிற காலத்திலேயே இவன் தூங்குமூஞ்சிதானே” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பக்கம், ஹைப்போதலாமஸில், சில பத்தாயிரம் நியூரான்கள் மட்டும் ஒரெக்சின் என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. மூளையில் மொத்தம் 8,000 கோடிக்கு மேல் நியூரான்கள்; இது எந்த மூலைக்கு என்றுதான் தோன்றும். ஆனால் விழிப்பைக் கலையாமல் பிடித்துவைப்பது இந்தச் சிறு கூட்டம். சிரித்தால் உனக்கு முழங்கால் மடங்குகிறதே, அந்த வகை நோயாளிகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோயிருப்பதை 2000ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் தருவது, பெருமூளைப் புறணியில் ஒரெக்சின் செய்யும் வேலை. சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்டில் நிற்கும். பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டே இருப்பதால்தான் அந்த அமைதி. ஒரெக்சின் வந்தால் அந்தக் கசிவு குறையும். மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மேலேறும். அவ்வளவுதான். ஆனால் முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்னச் செய்திக்கும் இப்போது அந்த நியூரான் பதில் துடிப்பு அனுப்பும். எலி மூளைச் சீவல்களில் பார்த்தபோது, புறணியின் ஆக அடியில் உள்ள 6பி அடுக்குதான் இதற்கு நேரடியாக இசைந்தது. 2004இல் வந்த முடிவு. மற்ற அடுக்குகளை ஒரெக்சின் பெரும்பாலும் சுற்றுவழியில் எட்டுகிறது: தலாமஸிலிருந்து வரும் நரம்பு முனைகளைத் தூண்டியும், ஹிஸ்டமின், நார்அட்ரினலின் சுரக்கும் செல்களை உசுப்பியும்.

ஆக, நீ கூட்டத்தில் கண்ணைத் திறந்துவைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு போராடியதெல்லாம் இந்த ஊட்டம் இல்லாத புறணியை வைத்துக்கொண்டு. மனவுறுதியால் பொட்டாசியக் கசிவை அடைக்க முடியாதுடா.

காபி உதவும், கொஞ்சம்தான். அது தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினைத் தடுக்கிறது. ஒரெக்சினின் இடத்தை நிரப்புவதில்லை. ஒரெக்சினையே விழுங்கலாமே என்று கேட்பாய். பெப்டைடு ஆயிற்றே, குடலிலேயே செரித்துப்போகும். அதன் ஏற்பியைத் தூண்டும் மாத்திரைகள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

இப்போதைக்கு, கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் சாப்பிடு. மதியம் இருபது நிமிடம் வெட்கப்படாமல் தூங்கு, அதுவும் வைத்தியம்தான். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக் சாவி அப்பாவிடம் இருக்கட்டும். இதில் பேரம் கிடையாது.

அன்புடன்,
அக்கா