இளமையில் இழக்கும் பற்கள்

பல் போனால் சொல் போச்சு என்பர் பெரியோர். முதுமையை எண்ணியே அவர்கள் அவ்வாறு கூறினர். இன்றோ இருபது, இருபத்தைந்து வயதிலேயே கடைவாய்ப் பற்களை இழந்து நிற்கும் பிள்ளைகளை நம் பங்குகளில் காண்கிறோம். பாட்டனாரின் பொக்கை வாய் வீட்டுக்கு அழகு. இளைஞன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவானாகில், அங்கே வெளியில் சொல்லாத துயரம் ஒன்று உண்டு.

கடலூரை அடுத்த நம் பங்கில் அத்தகைய இளைஞன் ஒருவன் இருக்கிறான். வயது 26. பாடகர் குழுவில் நல்ல குரலுக்குரியவன். திடீரெனப் பாட வருவதை நிறுத்திவிட்டான். சிப்காட் வளாகத்தில் அவனுக்கு இரவு வேலை. உறக்கம் வராதிருக்கச் சீனி மிகுந்த தேநீரும் குளிர்பானமும் விடியுமட்டும் சிறிது சிறிதாகப் பருகுவது வழக்கம்.

கெடுதல் அந்தச் 'சிறிது சிறிதில்'தான் இருக்கிறது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனைத் தணித்து, கரைந்ததை ஓரளவு ஈடுசெய்ய அரைமணி நேரமேனும் வேண்டும். அதற்குள் அடுத்த மிடறு உள்ளே சென்றால் பல்லுக்கு ஓய்வேது? பல்லைப் புழு அரிக்கிறது என்று நம் கிராமங்களில் இன்றும் கூறுவோர் உளர். பண்டைப் பாபிலோனியரும் அப்படியே நம்பினர். ஆகவே நம்மவரை மட்டும் எள்ளி நகையாட வேண்டாம்.

ஒருநாள் அவன் தாயார் நம்மிடம் வந்தார். "சாமி, பெண் பார்த்திருக்கிறோம். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்டால் ஒரே செலவோடு போகும் என்கிறார்கள்" என்றார். பிடுங்குமுன் சிதம்பரம் சென்று காட்டிவிடுமாறு கூறி, நாமும் உடன் சென்றோம். அண்ணாமலை நகரில் 1980-இல் இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, 2021-இல் அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்த மருத்துவமனை அது. சொத்தையானவை பதினொன்று என்றும், காப்பாற்ற இயலாதவை நான்கே என்றும் எக்ஸ்ரே படம் காட்டியது.

மற்ற ஏழையும் ஏன் பிடுங்கலாகாது என்பதை மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். மெல்லும்போது பல்லின் வேர் தாடை எலும்புக்குத் தரும் அழுத்தமே அவ்வெலும்பைக் காக்கிறது. வேர் போனால் எலும்பு தேய்கிறது; இன்று பொருந்தும் பல் செட் சில ஆண்டுகளில் தளர்ந்து ஆடும். அண்டைப் பல் வெற்றிடத்தில் சாய்கிறது. எதிர்ப்பல் தன் இடம் விட்டு நீள்கிறது. ஆகவே கூடியவற்றை அடைத்தும், ஆழமாகக் கெட்டவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து மேலுறை போட்டும் காப்பதே முறை என்றார்.

போன பற்களுக்கு மூன்று வழிகள் உள. கழற்றி மாட்டும் பல் மலிவானது. இரவில் கழற்றி நீரில் இடவேண்டும். பாலம் கட்டுவது நிலையானது. ஆனால் இருபுறத்துப் பற்களையும் அராவியாக வேண்டும். நல்ல பல்லை அராவுவது நமக்கென்னவோ மனத்துக்கு ஒப்பவில்லை. மூன்றாவது, எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதன்மேல் பல் பொருத்துவது. சுவீடன் நாட்டு பிரோனேமார்க் என்பார் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிரியாததைக் கண்டார். 1965-இல் மனிதருக்கு முதன்முதல் பதித்தார். செலவு மிகுதி, முடியச் சில மாதங்கள் ஆகும். தாடை வளர்ச்சி முற்றுப்பெறாத வயதில் இதைச் செய்வதில்லை. வளரும் எலும்போடு திருகு நகராது. புகைப்பவருக்குப் பலன் குறைவு.

குடும்பத்தின் கையிருப்பை எண்ணிப் பார்த்து, இப்போதைக்குக் கழற்றும் பல்லும், பணம் சேர்ந்தபின் முன்பல் ஒன்றுக்கு மட்டும் திருகும் என்று முடிவாயிற்று.

திரும்பும்போது பேருந்தில் தாயார் மெல்லக் கேட்டார்: "பெண் வீட்டாருக்கு இது தெரியவேண்டாமே, சாமி?" இதில் நாம் இணங்கவில்லை. பல் இழந்தது பாவமன்று. மறைத்துப் பெண் எடுப்பது நேர்மையன்று. ஓலை வாசிக்குமுன் சொல்லிவிடவேண்டும் என்றோம். தாயார் முகம் வாடிற்று. மகன் சன்னலோரம் திரும்பி அமர்ந்திருந்தான். புதுச்சத்திரம் தாண்டியபின், "நானே சொல்கிறேன்" என்றான்.

சொன்னான். பெண்ணின் தகப்பனார் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவ்விரு வாரமும் எப்படிக் கழிந்தன என்பதை நாம் அறிவோம். பின்னர்ப் பெண்ணே தன் அண்ணன் வாயிலாக ஒன்று கேட்டனுப்பினாள்: இரவுக் குளிர்பானத்தை விட்டாயிற்றா? விட்டு மூன்று வாரம் ஆகிறது என்று பதில் சென்றது. இப்போது வேலைக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுபோகிறான். தேநீர் இருவேளை, உணவோடு மட்டும். ஃபுளூரைடு கலந்த பற்பசையால் படுக்குமுன்னும் பல் துலக்குகிறான். வேர் சிகிச்சைக்கு இன்னும் இரண்டு முறை சிதம்பரம் போகவேண்டியிருக்கிறது. ஓலை அடுத்த மாதம்.