பிரித்துக் கட்டும் வீடு

மங்கோலியாவின் ஓர்ஹோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கார்ஹோரின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஓகெதேய் கான் 1235-இல் மதில் எழுப்பித் தலைநகராக்கிய கரகோரம் இங்கேதான் இருந்தது. அந்த மதில் மண்ணோடு போய்விட்டது. கான்களின் காலத்தில் மேய்ப்பர்கள் குடியிருந்த வட்டக் கூடாரமோ, அதே புல்வெளியில் இன்றும் நிற்கிறது. யுர்ட் என்று உலகம் அறிந்த இதை மங்கோலியர் கெர் என்கிறார்கள். அதைச் செய்யும் கைகளைப் பார்க்கத்தான் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே போனேன்.

தச்சுப் பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. பெரியவர் ஒருவர் வில்லோ மரக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்துக்கொண்டிருந்தார். ஈரமும் சூடும் கொடுத்து, சட்டத்தில் மாட்டி வளைத்த குச்சிகள் அவை. அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வெட்டிக்கொள்ளும் இடந்தோறும் துளையிட்டு, ஒட்டகத்தின் பச்சைத்தோல் வாரைக் கோத்து இருபுறமும் முடிச்சிடுகிறார்கள். வாரை ஈரமாகவே கட்ட வேண்டும். காயும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். ஆணி அடித்தால் என்ன என்று கேட்டேன். ஆணி அடித்த இடத்தில் குச்சி திரும்பாது, திரும்பாத சுவரை மடக்க முடியாது என்றார். இப்படிப் பின்னிய ஒரு பகுதிக்கு ஹனா என்று பெயர். பழைய லிஃப்டின் மடக்குக் கதவைப் போல அதை இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் 5 ஹனா போதும். அதிகம் விரித்தால் வீடு அகன்று தாழும், குறைத்து விரித்தால் ஒடுங்கி உயரும். காற்று எப்படி அடிக்கும் என்பதைப் பார்த்துக் குடும்பத்தார் அளவை முடிவு செய்கிறார்கள்.

சுவரின் மேல் விளிம்பிலிருந்து உச்சியிலுள்ள தோனோ என்ற மரவளையம் வரை கூரைக்கழிகள் ஏறுகின்றன. 5 ஹனா கெர்ருக்கு வழக்கமாக 81 கழிகள். ஒரு முனை தோனோவின் துளையில் செருகிக்கொள்ளும். மறுமுனையிலுள்ள கயிற்றுக் கண்ணி சுவரில் மாட்டிக்கொள்ளும். தோனோவை நடுவில் இரண்டு தூண்கள் தாங்குகின்றன. கூரையின் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும் என்பதால், குதிரைமயிர்க் கயிற்றைச் சுவரைச் சுற்றி வரிந்து கட்டுகிறார்கள். "கயிறு தளர்ந்தால் வீடு படுத்துவிடும் தம்பி" என்று பெரியவர் சொன்னதாக, எனக்காக மொழிபெயர்த்த கல்லூரி மாணவி சொன்னாள். தச்சரைப் புகழும் அளவுக்குக் கயிறு முறுக்குபவரை எவரும் புகழ்வதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆனால் மரம் வெறும் எலும்புக்கூடுதான். மைனஸ் 30 டிகிரிக் குளிரில் ஒரு குடும்பத்தைக் காப்பது கம்பளிக் கம்பளம். அதை நெய்வதில்லை. அடித்து, நனைத்து, உருட்டியே செய்கிறார்கள்.

ஆற்றோரத்தில் ஒரு மேய்ப்பர் குடும்பம் அன்று அந்த வேலையில்தான் இருந்தது. அக்கம்பக்கத்தவரும் கூடியிருந்தார்கள். கத்தரித்த ஆட்டு ரோமத்தைப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, இரண்டு கைகளிலும் குச்சி பிடித்துத் தாளம் தப்பாமல் அடித்தார்கள். தூசி பறந்து ரோமம் பஞ்சாகும்வரை அடி நிற்கவில்லை. பிறகு பழைய கம்பளம் ஒன்றைத் தரையில் விரித்தார்கள். அதைத் தாய்க் கம்பளம் என்கிறார்கள், அதன்மேல் பிறப்பது மகள். ரோமத்தைப் படலம் படலமாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒரு நீளக் கழியில் இறுகச் சுருட்டி, மேலே நனைந்த தோலைச் சுற்றிக் கட்டினார்கள். வீட்டின் மூத்த பெண்மணி அதன்மேல் பால் தெளித்து வாழ்த்தினார். கழியின் இரு முனைகளிலும் கயிறு மாட்டிக் குதிரைகள் இழுக்க, உருளை புல்வெளியில் போவதும் வருவதுமாக உருண்டது. அவிழ்த்துப் பார்த்தபோது இழை இழையாகப் பிரிந்துகிடந்த ரோமம் கையால் கிழிக்க முடியாத ஒரே பரப்பாகியிருந்தது. நூல் இல்லை, தறி இல்லை, பசை இல்லை. ஈரமும் உராய்வும் மட்டும்தான். நான் பார்த்த கைவினைகளில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மதியம் அவர்கள் கெர்ருக்குள் உட்கார்ந்தோம். வாசல் தெற்கு பார்த்திருந்தது, விருந்தினருக்கு வடக்கே மரியாதையான இடம். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, இரண்டு தூண்களுக்கு நடுவே நடக்கக் கூடாது. நடுவில் எரிந்த அடுப்புக்குச் சாணமே விறகு. இங்கே மரத்தைத் தவிர மற்ற எல்லாமே மந்தையிலிருந்து வருவதை அப்போதுதான் உணர்ந்தேன். கம்பளம் ஆடு தந்தது, வார் ஒட்டகம் தந்தது, கயிறு குதிரை தந்தது.

அதனால் மந்தை அழிந்தால் இந்தத் தொழிலும் நிலைகுலையும். கோடை வறட்சிக்குப் பின் கடுங்குளிர் வந்து கால்நடைகள் சாவதை அங்கே 'ட்சுத்' என்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. மந்தையை இழந்தவர்களில் பலர் கெர்ரைப் பிரித்து ஏற்றிக்கொண்டு உலான்பாத்தர் நகரின் விளிம்புக்குப் போய், வேலி போட்டு நட்டுவிட்டார்கள். நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று அந்தக் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். குழாய்நீர் இல்லை, வெப்பக்குழாய் இல்லை, நிலக்கரிப் புகையோ ஏராளம். கெர் பழைய காலத்து வசிப்பிடம், அதுதான் பிரச்சினை என்று சிலர் பேசுகிறார்கள். நான் ஏற்கவில்லை. புல்வெளியில் குறையின்றி நிற்கும் வீட்டை, வசதி எதுவும் செய்து தராத நகரத்தில் நட்டுவிட்டு, வீட்டைக் குறை சொல்வது நியாயமல்ல.

பட்டறையில் பெரியவருக்கு உதவியாக இருந்தது அவர் மகன் மட்டும்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் புது கெர் தரும் வழக்கம் இருப்பதால் வேலை வருகிறது. ஆனால் ஆலைக் கம்பளம் மலிவு, கற்க வந்த பையன்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். யுனெஸ்கோ 2013-இல் இந்தக் கைவினையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் வில்லோவை வளைக்கக் கற்கும் பையனுக்கு மாதக் கூலி கிடைத்தால்தான் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும். மங்கோலியா செல்பவர்கள் சுற்றுலா முகாமோடு நின்றுவிடாமல், ஒரு மேய்ப்பர் குடும்பத்தோடு தங்குங்கள். அவர்கள் வீட்டைச் செய்த தச்சர் யார் என்று கேட்டு, அவர் பட்டறைக்கும் போய் வாருங்கள்.