சிட்டையில் இருந்தவர்கள்

பயராபீஸ் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் எங்கள் பட்டாசு ஆலையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடைசி நாளன்று சால்வை போர்த்தியவர்கள் எல்லோரும் அதையே சொல்லிப் புகழ்ந்தார்கள். கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதை இல்லாமல் சிவகாசியில் மேடைப் பேச்சு முடியாது. அன்றைக்கும் அந்தக் கதை வந்தது. அவர்களைப் போல நானும் உழைத்தேன் என்று ஒருவர் போகிற போக்கில் சேர்த்துவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அந்தப் புகழ்ச்சியில் பாதி அதிர்ஷ்டத்துக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

வேலையை விட்டபின் எதற்கு ஏங்குகிறேன் என்று கேட்டால், முதலில் சாயங்காலச் சோதனையைச் சொல்வேன். அன்றைக்குச் செய்த சரக்கில் ஒன்றிரண்டை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்போம். புஸ்வாணம் என்றால் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, பொறி தரைக்கு வருவதற்குள் அணைகிறதா என்று கவனிக்க வேண்டும். பழகிவிட்டால் கண்கூடத் தேவையில்லை. சீறுகிற சத்தத்தை வைத்தே அலுமினியப் பவுடர் கூடிவிட்டதா, மருந்து சரியாக இறுகவில்லையா என்று சொல்லிவிடலாம். அந்தக் காது இன்னும் என்னிடம் இருக்கிறது, அதற்கு வேலைதான் இல்லை. தீபாவளி ராத்திரி தெருவில் பிள்ளைகள் புஸ்வாணம் வைக்கும்போது, "இது மருந்து இறுகலை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். பேரன் கண்டுகொள்வதில்லை.

ஏங்காதது எது என்றால், புகை. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு சத்தம் கேட்டால் மொட்டைமாடிக்கு ஓடி, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்போம். உடனே போன் வரும்: "உங்க ஆபீசா?" இல்லை என்று பதில் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கும். அதைவிட அசிங்கமான நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. அந்நேரம் வேறு எங்கோ ஒரு வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருக்கும்.

இந்த இரண்டையும் நான் யாரிடமும் சொல்வேன், டீக்கடை பெஞ்சில்கூடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நான் மிகவும் ஏங்குவது சனிக்கிழமைக்குத்தான். வாரச் சம்பளம் பட்டுவாடா செய்யும் நாள். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வரிசை. காசை எண்ணிக் கொடுக்கும்போதே "திங்கக்கிழமை வா" என்பேன். சிலரிடம் "அடுத்த வாரம் பாக்கலாம் தாயி" என்பேன். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவர்கள் நிற்பார்கள். ஒருத்தியின் அடுத்த வார அடுப்பு என் நாக்கில் இருந்தது. அந்த ருசி போனதுதான் இன்றைக்கும் எனக்குக் குறையாக இருக்கிறது. எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது நாக்பூர் லைசென்ஸ், அதாவது பெரிய ஆலை. ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது விதி. எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே போகும் முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக. தரையில் ரப்பர் விரிப்பு. நைலான் சேலை கூடாது. இதையெல்லாம் நாங்கள் பெரும்பாலும் செய்தோம், செலவில்லாத விதி என்பதால். நான்கு பேர் என்பதை மட்டும் செய்யவில்லை. ஆடிப்பெருக்குக்குப் பிறகு ஆர்டர் குவியும். வெயில் ஏறுவதற்குள் மருந்து வேலையை முடிக்க வேண்டும், மழை வந்தால் அந்த நாளே போச்சு. அப்போது அறைக்குள் ஆறு பேர், வேப்பமரத்தடியில் இன்னும் பலர் என்று உட்கார வைத்தேன். முதலாளி அப்படிச் செய்யச் சொன்னாரா என்றால், சொல்லவில்லை. "ஆர்டர் முடியணும், நீங்க பாத்துக்கோங்க" என்பார். பார்த்துக்கொண்டவன் நான்.

என்னிடம் இரண்டு நோட்டு இருந்தன. ஒன்று மஸ்டர், இன்னொன்று சிட்டை. மஸ்டரில் அறைக்கு நான்கு பெயர். மற்றவர்கள் சிட்டையில். சிட்டையில் இருக்கும் ஒருத்தி பின்னிய சரவெடியின் கணக்கை, மஸ்டரில் இருக்கும் இன்னொருத்தியின் பெயரில் ஏற்றிவிடுவேன். சம்பளத்தை இருவரும் வெளியே போய்ப் பிரித்துக்கொள்வார்கள். மஸ்டரில் பெயர் ஏறினால் பிஎஃப் உண்டு, ஈஎஸ்ஐ கார்டு உண்டு. அசம்பாவிதம் ஏதும் நடந்தால் வீட்டாருக்கு ஏதாவது கிடைக்கும். சிட்டைக்கு அன்றைய கூலி மட்டும். யாரை எதில் எழுதுவது என்பது என் பேனாவில் இருந்தது. எனக்கு வேண்டிய ஊர், வேண்டிய குடும்பம், எதிர்த்துப் பேசாதவர்கள் மஸ்டருக்குப் போனார்கள். திறமையை ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் சிட்டை ஆட்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலிருக்கும் வேலிக்கருவைக் காட்டுக்குள் போய்விட வேண்டும். ஜீப் போனதும் விசில் அடிப்பேன். ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். முகத்திலும் காது மடலிலும் அலுமினியம் வெள்ளியாய் மின்னும், தலைமுடியில் கருவை இலை ஒட்டியிருக்கும். இளவட்டங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். வயசானவர்கள் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் வந்து உட்காருவார்கள். கண்மூடித் திறப்பதற்குள் இத்தனை பேரை மறைக்க முடிகிறதே என்று எனக்கு அப்போது பெருமை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள் என்று பேப்பரில் வாசித்தபோது, யாரோ என் நோட்டைப் பார்த்து எழுதியது போலிருந்தது. மறுநாள் அறைக்கு நான்கு பேரை மட்டும் உட்கார வைத்தேன். மரத்தடி காலி. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 13. அதற்குள் மரத்தடி மறுபடி நிறைந்துவிட்டது. என்னிடம் தொழில் பழகிப் பிறகு வேறு ஆலைகளுக்குப் போர்மேனாகப் போன பையன்களும் அந்த மரத்தடியைப் பார்த்துத்தான் பழகினார்கள். மருந்துக் கலவையோடு இரண்டு நோட்டு வைக்கும் வித்தையையும் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்த செய்தி வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய பழக்கத்தில் மாடிக்கு ஓடினேன். அந்தப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "உங்க ஆபீசா?" என்று கேட்டேன்.

அதற்கு முன்பே, 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. முதலாளிகள் ஆலைகளைப் பூட்டிப் போராடினார்கள். சரம் பின்னுவது முழுக்கக் கைவேலை. அதை நம்பியிருந்த பெண்கள்தான் முதலில் வெளியே நின்றார்கள். மஸ்டரில் இருந்தவர்களுக்குப் பிஎஃப் பணம் என்று கையில் ஏதோ இருந்தது. சிட்டை ஆட்களுக்கு வேலை போனதற்குக்கூட அத்தாட்சி இல்லை. வேலையில் இருந்ததாகவே எங்கும் எழுதப்படாதவர்களை யார் வேலையைவிட்டு நிறுத்த முடியும்?

அவர்களில் ஒருவர், சரம் பின்னுவதில் அந்த வட்டாரத்திலேயே வேகமான கை, நான் ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து உங்ககிட்டதான் வேல பாத்தேன். ஒரு காயிதத்துல எழுதித் தாங்க, பென்சன் கேட்டுப் பாக்கேன்" என்றார்.

பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பிஎஃப் பென்சன் உண்டு. 2014இலிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். (அரசு முதியோர் உதவித்தொகை 1,200. உழைத்துச் சேர்த்த பென்சன் அதைவிடக் குறைவாக இருக்கும் வேடிக்கையை யாரிடம் போய்ச் சொல்ல.) அந்தம்மாவுக்குப் பத்து வருஷம் இரண்டு தடவை கடந்திருக்கும்.

"கம்பெனில கேளுங்கம்மா" என்றேன்.

"கேட்டாச்சு அண்ணாச்சி. என் பேரே இல்லைன்னு சொல்றாக."

அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அறைக்குள் ஆறு பேரை உட்கார வைத்ததைவிட, மஸ்டரில் போட்ட பொய்யைவிட, அந்த முகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தால் இத்தனை காலம் போட்ட கையெழுத்தெல்லாம் பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் எழுதிக் கொடுக்கவில்லை. என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, வாரேன்" என்று அவர் போய்விட்டார். அறுபதைத் தாண்டியவர், இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறார்.

பிறகு ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்டேன், அந்தம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்பதை அப்புறம். என் காகிதம் மட்டும் போதாது, ஆனால் அது இல்லாமல் வழக்கைத் தொடங்கவே முடியாது என்றார் வக்கீல். அந்தக் காகிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. இந்தக் கட்டுரையை அதற்கு ஈடாக வைக்க முடியாது, இதிலும் அவர் பெயர் இல்லை.

பயராபீசில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிஎஃப் பிடித்தால் உங்களுக்கு யூஏஎன் என்று 12 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் பெயரில் அது இருக்கிறதா என்று வருகிற சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே கேளுங்கள். போர்மேன் முகம் சுளிப்பார். நானும் சுளித்திருப்பேன். நம்பரை வாங்காமல் மேசையைவிட்டு நகராதீர்கள்.