எழுபது வளைவுக்கு இரண்டு சைக்கிள்

கொல்லிமலைக்கு மிதித்தே ஏறுகிற மகானுபாவர்களுக்கு ஒரு கும்பிடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற கார், இறங்க சைக்கிள் என்பதே நம் கொள்கை!

நண்பர் ஒருவரிடம் பழைய டாடா எஸ்டேட் இருக்கிறது. 1992-ல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. அவருக்கு சைக்கிள் விடத் தெரியாது. அதனால்தான் டிரைவர் வேலைக்குச் சம்மதித்தார்.

பின்சீட்டை மடக்கினால் உள்ளே குட்டி ஹால். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கம் மேலே இருக்கப் படுக்க வைக்க வேண்டும். கியர் அடியில் மாட்டினால் வளைந்துவிடும். மேலே ஜமுக்காளம். அடுத்த சைக்கிள் தலைமாடு கால்மாடாக. பெடல் இடித்தால் கழற்றலாம். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். கடைசியாகக் கயிறு. இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் சைக்கிள் டிரைவரின் பிடரியைத் தேடி வரும்!

காரவள்ளி டீக்கடையில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “ஏந் தம்பி, ஓட்டறதுக்கா, எடைக்குப் போடறதுக்கா?”

மேலே சோளக்காட்டில் பூட்டினோம். இங்கேதான் உயிர் சமாச்சாரம். சக்கரம் வெளியே வருவதற்காக பிரேக் கேபிளை அவிழ்த்திருப்போம். அதைத் திரும்ப மாட்ட மறந்தால் முதல் வளைவிலேயே கதை முடிந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்து, இன்னொருத்தரையும் பார்க்கச் சொன்ன பிறகே ஏறினோம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறும். பாதி வழியில் நிறுத்தி, கூட வந்தவர் ரிம்மைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

“யோவ், தோசை வார்க்கலாம்யா!”

ஆறட்டும் என்று உட்கார்ந்து, சோளக்காட்டில் வாங்கிய அன்னாசியைத் தின்றோம். பின்னால் வந்த எஸ்டேட்காரர் ஹாரன் அடித்தார். பங்கு வேண்டுமாம்.